சுருக்குப்பையும் பீரோ சாவியும்: டிஜிட்டல் ரூபாயா, யுபிஐயா?

2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், பெங்களூரில் உள்ள எங்கள் வீட்டின் சில்லறைச் செலவுகளை, அதாவது பால், காய்கறி, மருந்து, ஆட்டோ, தேநீர்க் கடை என்று மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் செலவுகளை, யுபிஐயிலிருந்து, ரிசர்வ் வங்கி மின்னணு வடிவில் வெளியிடும் பணமான டிஜிட்டல் ரூபாய்க்கு மாற்றிக்கொண்டேன். வாடகை, பள்ளிக் கட்டணம் போன்ற பெரிய தொகைகளுக்கு இன்றும் யுபிஐதான். என் சாய்வு டிஜிட்டல் ரூபாயின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம் விளம்பரங்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று அன்று.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது கேட்ட முதல் கேள்வி, இது பிட்காயின் போன்றதா என்பது. இல்லை. பிட்காயின் முதலியவற்றின் ஆதாயத்துக்கு 2022ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதே பட்ஜெட்டில்தான் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் ரூபாயை வெளியிடும் என்றும் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். இரண்டு செய்திகளும் ஒரே நாளில் வந்ததால் மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. டிஜிட்டல் ரூபாயின் மதிப்பு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நூறு ரூபாய் என்றால் நூறு ரூபாய்தான். 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில், ‘வங்கி நோட்டு’ என்பதற்குள் டிஜிட்டல் வடிவமும் அடங்கும் என்று திருத்தம் செய்த பிறகே அது புழக்கத்துக்கு வந்தது.

இரண்டாவது கேள்வி கூர்மையானது: யுபிஐ இருக்கும்போது இது எதற்கு? 2016இல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. டிஜிட்டல் ரூபாயோ, 2022 டிசம்பர் 1 அன்று மும்பை, டெல்லி, பெங்களூர், புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2025 மார்ச்சில் 17 வங்கிகளையும் சுமார் 60 லட்சம் பயனாளர்களையும் எட்டியிருந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாயின் மொத்த மதிப்பு சுமார் 1,016 கோடி. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 234 கோடி. ஆர்வலர்கள் இந்த வளர்ச்சி விகிதத்தைக் காட்டுவார்கள். ஐயப்படுவோர், காகித நோட்டுகளின் புழக்கம் 36 லட்சம் கோடிக்கும் மேல் இருப்பதைக் காட்டுவார்கள். 2023 டிசம்பர் இறுதியில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பரிவர்த்தனைகள் என்ற இலக்கை எட்டுவதற்காக, வங்கிகள் தம் ஊழியர்களுக்கான படிகளையே டிஜிட்டல் ரூபாயாக வழங்கின என்பதும், அந்த உந்துதல் நின்றதும் எண்ணிக்கை சரிந்தது என்பதும் ஐயப்படுவோருக்கு வலுவான சான்றுகள். நைஜீரியா 2021 அக்டோபரில் தொடங்கிய இநைரா என்ற டிஜிட்டல் நாணயமும் மக்களிடம் வேரூன்றவில்லை. இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு, என் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது வேறு.

வேகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கட்டணமும் இரண்டிலும் இல்லை. கடைகளில் ஏற்பு என்பது ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. 2023இல் யுபிஐயின் கியூஆர் குறியீட்டையே டிஜிட்டல் ரூபாய்ச் செயலியாலும் ஸ்கேன் செய்யலாம் என்று ஆன பிறகு, எங்கள் தெருவில் அந்தத் தடை நீங்கிவிட்டது. கடைக்காரருக்குப் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் வழக்கம்போல வந்து விழுகிறது. நான் எதிலிருந்து கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. வட்டி கிடைக்காது என்பது உண்மைதான். மாதத் தொடக்கத்தில் பத்தாயிரம் ஏற்றி மாத இறுதிக்குள் செலவழித்துவிடுகிற ஒருவருக்கு, சேமிப்புக் கணக்கின் வட்டியை 2.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு நூற்றைம்பது ரூபாய்கூட இழப்பு வராது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம். ஒரு தவறு நேர்ந்தால் எவ்வளவு போகும்?

எங்கள் ஆத்தா சந்தைக்குப் போகும்போது இடுப்பில் சுருக்குப்பையைச் செருகிக்கொண்டு போவார். அதில் அன்றைய செலவுக்கான பணமும் இரண்டு வெற்றிலையும் இருக்கும். பீரோ சாவி வீட்டில் இருக்கும். சுருக்குப்பை தொலைந்தால் அன்றைய காய்கறி போகும். வீட்டின் சேமிப்புக்கு ஒன்றும் ஆகாது. யுபிஐ நமக்குத் தந்த வசதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், பத்து ரூபாய்த் தேநீருக்கும் பீரோ சாவியையே கையில் எடுத்துக்கொண்டு போகும் பழக்கத்தை அது நமக்கு ஏற்படுத்திவிட்டது. ஓய்வூதியம், மருத்துவச் செலவுக்கு ஒதுக்கி வைத்த பணம், மகளின் திருமணத்துக்குச் சேர்த்தது என எல்லாம் கிடக்கும் கணக்கின் வாசலை, நாளொன்றுக்குப் பத்து முறை தெருவில் நின்று திறந்து மூடுகிறோம்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. என் அக்காவின் கணவர் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய மர அலமாரி ஒன்றை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தார். வாங்குவதாகப் பேசியவன், பணம் வந்து சேர இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒரு படத்தை அனுப்பினான். அத்தான் ஸ்கேன் செய்து ரகசியப் பின் (PIN) எண்ணை இட்டார். முதலில் 18,000 ரூபாய் போனது. தவறாகப் போய்விட்டது, திருப்பி அனுப்ப இன்னொன்றை ஸ்கேன் செய்யுங்கள் என்று அவன் பதறுவதுபோலப் பேச, அடுத்து 28,000 போனது. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பேச்சின் வேகத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில்தான் 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தோம். அதற்குள் பணம் மூன்று கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், இரண்டு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அந்த இரண்டு வாரத்தைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை; பணம் இரண்டாம்பட்சம்.

அதே ஏமாற்று டிஜிட்டல் ரூபாயிலும் நடக்கலாம். அதில் எந்த மாயக் கவசமும் இல்லை. ஆனால் அன்று அவர் கையில் இருந்தது மூவாயிரம் ரூபாய் ஏற்றிய ஒரு வாலட், அதாவது டிஜிட்டல் ரூபாய்ச் செயலியில் உள்ள பணப்பை, மட்டுமாக இருந்திருந்தால், இழப்பு மூவாயிரத்தோடு நின்றிருக்கும். டிஜிட்டல் ரூபாய் நம் வங்கிக் கணக்கின் நிழல் அன்று; கணக்கிலிருந்து எடுத்து வெளியே வைத்த பணம். செயலியைத் திறந்தால் 500, 200, 100 என்று நோட்டுகளாகவே தெரியும். அதற்குப் பொறுப்பு ரிசர்வ் வங்கி. நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கி அன்று. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் மீது தடை வந்து, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனதையும், அந்த வங்கியைச் சார்ந்திருந்த போன்பே செயலி முடங்கியதையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. இதற்காகப் புதிய பணம் எதற்கு, இரண்டாவது சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் கொஞ்சம் பணம் போட்டு, யுபிஐயை அதோடு மட்டும் இணைத்துக்கொண்டால் போதாதா? பெரும்பாலும் போதும். என் தம்பி அப்படித்தான் செய்கிறான். அவனை மாறச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஆனால் பல வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு என்ற சுமை இருக்கிறது, வருமான வரிப் படிவத்தில் இன்னொரு கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது, மாதம் நூறு பதிவுகள் நிரம்பிய கணக்கு அறிக்கை ஒன்று கூடுதலாகச் சேர்கிறது. என் கணக்கு அறிக்கையில் இப்போது டிஜிட்டல் ரூபாய்க்காக மாதம் இரண்டு அல்லது மூன்று பதிவுகள்தான் இருக்கின்றன. வரி கட்டும் காலத்தில் அதன் அருமை தெரிகிறது. சிறு தொகைகளை முன்கூட்டியே ஏற்றி வைத்துச் செலவழிக்கும் யுபிஐ லைட்டும் இதற்கு நெருங்கிய மாற்றுத்தான். அதில் ஐயாயிரம் வரை வைத்திருக்கலாம், ஒரு தடவைக்கு ஆயிரம் வரை செலுத்தலாம். ஆயினும் அதில் பின் எண் கேட்பதில்லை. திறந்த கைபேசி யார் கையில் இருந்தாலும் அவர் செலவழிக்கலாம். எங்கள் மாத மருந்துச் செலவும் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது.

சுருக்குப்பை என்ற என் ஒப்பீட்டில் ஓர் ஓட்டையும் உண்டு. வாலட்டில் பணம் ஏற்றும் வழி வங்கிக் கணக்கோடு இணைந்தே இருக்கிறது. அந்த வழிக்கான பின் எண்ணையும் ஒருவர் ஏமாந்து கொடுத்துவிட்டால், சுருக்குப்பையும் பீரோவும் ஒன்றாகிவிடும். ஆகவே, பணம் ஏற்றுவதை மாதத்தின் முதல் தேதியில் வீட்டில் உட்கார்ந்து மட்டும் செய்வது என்று நானும் என் மனைவியும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இது தொழில்நுட்பம் தரும் பாதுகாப்பு அன்று, நாமாக வளர்த்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு. இந்த ஒழுங்கு சிலருக்குத் தொல்லையாகவே இருக்கும். மாத நடுவில் பணம் தீர்ந்துபோய், கடை வாசலில் நின்றுகொண்டு யுபிஐக்குத் திரும்பிய நாள்கள் எனக்கும் உண்டு.

ஐயப்படுவோரின் வாதங்களில் என்னால் எளிதில் தள்ள முடியாதது கண்காணிப்பு பற்றியது. ரொக்கத்தில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்குத் தடயமே இல்லை. டிஜிட்டல் ரூபாயில், சிறு தொகைகளுக்கு நியாயமான அளவு அடையாள மறைப்பு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 அக்டோபர் கருத்தறிக்கையே பேசுகிறது. ஆனாலும் வாலட் நம் கைபேசி எண்ணோடும் வங்கிக் கணக்கோடும் பிணைந்திருக்கும்போது, அதை ரொக்கத்துக்கு இணை என்று நான் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில், யுபிஐ வரவுகளைக் கொண்டு கர்நாடக வணிக வரித் துறை சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியபோது, எங்கள் பகுதியிலேயே பல கடைகளில் கியூஆர் அட்டைகள் மறைந்து, ரொக்கம் மட்டும் என்ற அறிவிப்புகள் தொங்கின. தடயம் என்பது எப்படிப் பயன்படும் என்பதை அந்த வாரம் நேரில் கண்டோம். இதைவிடப் பெரிய கவலை, இன்ன பொருளுக்கு மட்டும், இன்ன தேதிக்குள் மட்டும் செலவழிக்க வேண்டும் என்று பணத்துக்கே நிபந்தனை எழுதிவைக்கும் வசதி. 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த திட்டங்களில் இதுவும் ஒன்று. உர மானியம் உரத்துக்கே போய்ச் சேர்வதற்கு அது உதவும் என்பதை ஏற்கிறேன். ஆனால் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் உழைத்துப் பெறும் பணத்தில் அத்தகைய நிபந்தனை ஒருபோதும் நுழையாது என்பதற்குச் சட்டத்திலேயே தெளிவான உறுதி வேண்டும். இதை வாக்குறுதிகளுக்கு விட்டுவிட முடியாது. என் ஆதரவு மாதம் பத்தாயிரம் என்ற எல்லையோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறை தீர்ப்பில் யுபிஐ தெளிவாக முந்தி நிற்கிறது. தொகை நடுவில் சிக்கினால் செயலியிலேயே புகார் செய்யலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் திரும்பிவிடுகிறது. டிஜிட்டல் ரூபாயில் எனக்கு ஒரே ஒரு முறை 240 ரூபாய் சிக்கியது. வங்கிக் கிளையில் போய்க் கேட்டபோது, அங்கிருந்த அலுவலருக்கு அப்படியொரு சேவை தம் வங்கியில் இருப்பதே தெரியவில்லை. மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு பதினோராம் நாள் பணம் வந்தது. ஒரே ஓர் அனுபவத்தை வைத்து எல்லா வங்கிகளையும் எடைபோடக் கூடாது. ஆனால் பெரிய தொகையை நான் ஏன் அதில் வைப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு அந்தப் பதினொரு நாள்களையும் சொல்லிவிடுகிறேன். அதேபோல, 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் யுபிஐ முடங்கிய நேரங்களைக் காட்டி, டிஜிட்டல் ரூபாய் இருந்தால் அந்தக் கவலை இல்லை என்று சிலர் சொல்வது முழு உண்மை அன்று. கடையில் இருக்கும் யுபிஐ குறியீட்டை ஸ்கேன் செய்து கொடுக்கும் வரை, நாமும் அதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறோம். ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்கு நேரடியாக அனுப்பும்போது மட்டுமே அந்தச் சார்பு நீங்குகிறது.

அந்த நேரடி வழியைத்தான் அத்தானுக்காகத் தேர்ந்தெடுத்தோம். அவருடைய ஓய்வூதியக் கணக்கிலிருந்து யுபிஐயை நீக்கிவிட்டோம். தொடக்கக் காலப் பட்டியல்களில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை. இப்போது பங்கேற்கும் வங்கி ஒன்றில் அவருக்குக் கணக்கு இருந்ததால், கும்பகோணத்திலிருந்தபடியே வாலட் தொடங்க முடிந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அவருடைய மகன் தன் வாலட்டிலிருந்து மூவாயிரம் ரூபாய் அனுப்புகிறான். இரண்டு ஆண்டுகளாகக் கைபேசியைக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போகவே தயங்கியவர், சென்ற மாதம் மகாமகக் குளத்துக்கு அருகிலுள்ள கடையில் தாமே ஸ்கேன் செய்து வெற்றிலை வாங்கியதாக அக்கா தொலைபேசியில் சொன்னார்.