ஹகோனே எகிடெனா, புத்தாண்டு எகிடெனா?

ஜப்பானில் வருடம் பிறந்ததும் மூன்று நாளும் டிவியில் எகிடென் என்னும் நெடுந்தூரச் சாலை அஞ்சலோட்டம்தான். ஜனவரி 1 அன்று குன்மா மாகாணத்தில் கம்பெனி அணிகளின் புத்தாண்டு எகிடென், 2, 3 தேதிகளில் கல்லூரி மாணவர்களின் ஹகோனே எகிடென். இரண்டிலும் கோலுக்குப் பதில் தோளில் மாட்டும் துணிப்பட்டைதான் கைமாறும்.

வேகம் மட்டும் முக்கியமென்றால் புத்தாண்டு எகிடென்தான். 7 பேர், 100 கிலோமீட்டர், ஒலிம்பிக்கில் ஓடியவர்களும் வருவார்கள், கூடவே குன்மாவின் வறண்ட குளிர்காற்று வேறு. ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

ஹகோனே வேறு ரகம். 1920-இல் தொடங்கியது, டோக்கியோவிலிருந்து ஹகோனே மலையிலுள்ள அஷி ஏரிக்குப் போய் மறுநாள் திரும்பவேண்டும், 10 பேர், சுமார் 217 கிலோமீட்டர். இதில் ஐந்தாவது ஆள் பாடுதான் திண்டாட்டம். 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் 800 மீட்டருக்கு மேல் மலை ஏறவேண்டும், அதுவரை கட்டிக்காத்த முன்னிலை அங்கே காணாமல் போகும். அப்புறம் முதல் 10 இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த வருடத்துக்கு நேரடி வாய்ப்பு, அதனால் பத்தாவது இடத்துக்கான அடிதடி சில சமயம் முதலிடத்தைவிடச் சூடாக இருக்கும். ரொம்பப் பின்தங்கிய அணியில் அடுத்தவர் காத்திருக்க முடியாது, பட்டை வந்து சேருமுன்பே கிளம்பிவிடவேண்டும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு நாள்தான் நேரம் இருக்கிறதா? சரி, ஐந்தாவது ஆள் மலை ஏறும் ஜனவரி 2.