அட்ரினல் கட்டியோடு பிறந்த குழந்தை: அறுவை சிகிச்சையா, காத்திருப்பா?

கர்ப்பகால ஸ்கேனிலோ பிறந்த சில வாரங்களிலோ குழந்தையின் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி தென்பட்டால், அதை உடனே அகற்றிவிட வேண்டும் என்றே பெற்றோருக்குத் தோன்றும். ஆனால் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் உள்ள சிறு கட்டியைப் பொறுத்தவரை, காத்திருப்பதற்கே வலுவான காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, அது புற்றுக்கட்டிதானா என்பதே தொடக்கத்தில் தெளிவாகாது. பிரசவ நேரத்தில் அட்ரினலில் ஏற்படும் இரத்தக்கசிவும், முதிராத நரம்பு உயிரணுக்களில் தோன்றும் குழந்தைப் புற்றான நியூரோபிளாஸ்டோமாவும் அல்ட்ராசவுண்டில் ஒன்றுபோலவே தெரியக்கூடும். டாப்ளர் ஸ்கேனில் கட்டிக்குள்ளே இரத்த ஓட்டம் காணப்படாமல், வாரங்கள் செல்லச் செல்லச் சுருங்கிச் சுண்ணாம்பு படிந்தால், அது பெரும்பாலும் கசிவுதான். இந்தப் புற்று சுரக்கும் வேதிப்பொருள்கள் சிதைந்து உண்டாகும் வி.எம்.ஏ., எச்.வி.ஏ. ஆகியவற்றின் அளவுகள் சிறுநீரில் உயர்ந்திருந்தால் நியூரோபிளாஸ்டோமா என்ற ஐயம் வலுக்கும். ஆனால் அவை இயல்பாக இருப்பதை மட்டும் வைத்துப் புற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, இந்த வயதில் வரும் நியூரோபிளாஸ்டோமா பல வேளைகளில் தானாகவே கரைந்துவிடுகிறது. ஜப்பான் 1985 முதல் நாடு முழுவதும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தது. நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியதே தவிர, மரணம் குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்காததால் 2003-இல் திட்டத்தை நிறுத்தியது. விட்டிருந்தால் மறைந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகவும் பல குழந்தைகள் கத்திக்கும் மருந்துக்கும் ஆளானார்கள்.

அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய்க் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு அட்ரினல் கட்டியுள்ள, ஆறு மாதத்துக்கு உட்பட்ட 87 குழந்தைகளில் 83 பேரின் பெற்றோர் கண்காணிப்பைத் தேர்ந்தார்கள். அவர்களில் 16 பேருக்கே பின்னர் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாண்டு உயிர்வாழ்வு 100 விழுக்காடு. அந்த 16 பேரிலும் இருவருக்கு இருந்தது வெறும் இரத்தக்கசிவு என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கும் நியாயம் உண்டு. திசு கையில் கிடைப்பதால் ஐயம் அன்றே தீர்கிறது. மேற்படி ஆய்வில் திடக்கட்டி 16 மில்லிலிட்டருக்குள், நீர்க்கட்டி 65 மில்லிலிட்டருக்குள் இருந்தால் மட்டுமே காத்திருந்தார்கள். கன அளவு பாதிக்கு மேல் கூடினால் அகற்றப் பரிந்துரைத்தார்கள். கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் காத்திருக்கலாம் என்ற வாதம் பொருந்தாது. பச்சிளங்குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிகளில் பெரும்பான்மையான மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமாவுக்கு அந்தச் சிறுநீரகத்தோடு சேர்த்து அகற்றுவதே சிகிச்சை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. அந்த ஆய்வில் 90 வாரங்கள் ஸ்கேனும் சிறுநீர்ச் சோதனையும் தொடர்ந்தன. நல்ல ஸ்கேன் வசதி பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் குடும்பத்துக்கு மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தால், அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.