அடையாறா, வேளச்சேரியா, ஓஎம்ஆரா, தாம்பரமா: தென்சென்னையில் வீடு தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறவர்கள், அலுவலகம் எத்தனை கிலோமீட்டர், வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எங்கே என்ற மூன்று கேள்விகளோடுதான் வீடு தேடத் தொடங்குகிறார்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் இந்த நகரத்தில் ஒரு பேட்டையை இன்னொன்றிலிருந்து உண்மையில் பிரித்துக் காட்டுவது தண்ணீர். கோடையில் அது வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது, ஐப்பசி கார்த்திகையில் தெருவை விட்டு எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, தொலைவையும் வாடகையையும் அதற்குப் பிறகு எடைபோடுவதே சரி என்பது என் கருத்து. ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலை அல்லது கிண்டிப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பரிசீலிக்கும் நான்கு பகுதிகளை அந்தக் கண்ணோட்டத்தில் இங்கே ஒப்பிடுகிறேன்.

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியவை; வாடகையும் நான்கில் இங்கேதான் அதிகம். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவதற்கு முன்பே எல்லைக்குள் இருந்த பகுதிகள் என்பதால், குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இங்கே பழைய ஏற்பாடுகள். மே மாதத்து நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று முதலில் நுழைவதும் இந்தத் தெருக்களில்தான். மீனம்பாக்கத்தில் அனல் பறக்கும் அதே நேரத்தில் இங்கே மொட்டை மாடியில் நிற்க முடிகிறது. அதே காற்று கொண்டுவரும் உப்பு, ஜன்னல் கம்பியையும் ஏசியின் வெளிப்பெட்டியையும் அரிப்பதால், கடலுக்கு அருகே உள்ள வீடுகளில் பராமரிப்புச் செலவு கூடும். பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. கார் நிறுத்தவும் தெருதான் கதி. வயதான பெற்றோரை உடன் அழைத்து வருகிறவர்கள் இதைக் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பகுதியைப் பற்றிக் கேட்கும்போது கடலைத்தான் சுட்டுகிறார்கள். 2004 சுனாமியில் கடலோரக் குப்பங்கள் பட்ட துயரம் அதற்குக் காரணம். ஆனால் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது, மூழ்கியவை அடையாறு ஆற்றின் கரையிலிருந்த கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையுந்தான். ஆற்றுக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை தெருக்கள் உள்ளன என்பது, கடற்கரைக்கு எத்தனை நிமிட நடை என்பதைவிட இங்கே பயனுள்ள கேள்வி.

வேளச்சேரியைப் பற்றி வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்றே தோன்றும். கிண்டி ஒரு பக்கம், தரமணி வழியாக ஓஎம்ஆர் மறுபக்கம், 2007 முதல் பறக்கும் ரயில் நிலையம், நூறடிச் சாலையில் கடைகளும் மருத்துவமனைகளும் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கணவன் கிண்டியிலும் மனைவி பெருங்குடியிலும் வேலை பார்க்கும் வீடுகளுக்கு இதைப்போல் பொருந்தும் இடம் வேறில்லை. வாடகையும் அடையாற்றைவிடக் குறைவு.

சிக்கல் நிலத்தின் தாழ்வில் இருக்கிறது. வேளச்சேரி ஏரியின் உபரி நீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குச் செல்கிறது. தென்புறத்து ஏரிகள் பலவற்றின் நீரும் அந்தச் சதுப்பு நிலத்திலேயே வந்து சேர்கிறது. அங்கிருந்து வெளியேற உள்ள முக்கிய வழி ஒக்கியம் மடுவு என்ற நீரோடை. அது பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, கோவளத்து முகத்துவாரம் வரை தெற்கே ஓடித்தான் கடலைச் சேர வேண்டும். குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சிய சதுப்பு நிலத்துக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது நல்ல செய்திதான். ஆனால் அது நிரம்பி நிற்கும் நாளில் வேளச்சேரித் தெருக்களின் நீருக்குப் போக்கிடம் இல்லை என்ற நிலைமையை எந்தத் தகுதியும் மாற்றிவிடாது. 2015-இலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் ஏஜிஎஸ் காலனி, ராம் நகர் போன்ற இடங்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அதன் பிறகு, கனமழை எச்சரிக்கை வந்தாலே சுற்றுவட்டாரத்தார் தங்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். காவல்துறை அபராதம் விதிக்குமோ என்ற கவலையைவிட வண்டி மூழ்கும் கவலை பெரிதாக இருப்பதில் வியப்பில்லை.

இதனால் வேளச்சேரியையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை, ஏனெனில் அடுத்தடுத்த இரண்டு தெருக்களுக்கிடையே அங்கே பெரிய வேறுபாடு உண்டு. தரகர் சொல்லாததைச் சுவர் சொல்லிவிடும். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறை, நெஞ்சுயரத்துக்கு மேலே ஏற்றி மாட்டிய ஈபி மீட்டர்ப் பெட்டி, சாலை உயர்ந்து உயர்ந்து வாசற்படி பள்ளத்துக்குள் போய்விட்ட பழைய வீடு, அதற்குப் பக்கத்தில் தரைத்தளம் முழுவதையும் தூண்களாக விட்டுக் கட்டிய புது வீடு ஆகியவை ஒரே தெருவில் தென்பட்டால், அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முதல் தளத்துக்குக் கீழே வீடு பார்க்கவே கூடாது; முதல் தளம் என்றாலும் மோட்டாரும் ஜெனரேட்டரும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஓஎம்ஆரின் வாழ்க்கை வேறு வகை. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்டதிலிருந்து பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று தெற்கே நீண்டுகொண்டே போன இந்தச் சாலையில், நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் காவலாளியும் கொண்ட பெரிய குடியிருப்பு வளாகங்களே அதிகம். குழந்தைகள் வாகனப் பயமின்றி விளையாடலாம். தமிழ் தெரியாத குடும்பத்தாரும் எளிதில் பழகிக்கொள்ளலாம். ஆனால் சோழிங்கநல்லூர் வரையிலான பகுதிகளே 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. நாவலூரும் சிறுசேரியும் அதற்கும் வெளியே. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் முழுமையாகப் போய்ச் சேராததால், பல வளாகங்கள் லாரித் தண்ணீரையும் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையுமே நம்பி இயங்குகின்றன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டபோது, இந்தச் சாலையிலிருந்த நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல நேர்ந்தது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையோடு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலையும் 2024-இல் சேர்ந்திருப்பதால் நிலைமை முன்னைப்போல் இல்லை. இருந்தாலும் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. சதுர அடிக்கு எவ்வளவு பராமரிப்புக் கட்டணம், அதில் லாரித் தண்ணீர் அடங்குமா, ஏப்ரல் மே மாதங்களில் தனியாக வசூல் உண்டா என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால், திருவான்மியூர் வாடகைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி நினைத்ததைவிடச் சுருங்கிவிடும்.

போக்குவரத்திலும் இந்தச் சாலைக்கு ஒரு குறை உண்டு: தரமணியைத் தாண்டித் தெற்கே மின்சார ரயில் இங்கே வருவதில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை கட்டப்பட்டுவரும் மெட்ரோ தடம் இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது. ஆனால் இன்றைய தேவைக்கு வீடு தேடுகிறவர் இன்றைய பேருந்தையும் இன்றைய நெரிசலையுமே கணக்கில் கொள்ள வேண்டும். அலுவலகமும் வீடும் ஓஎம்ஆரிலேயே இருந்தால் மட்டும் இது தொல்லையாகாது.

தாம்பரத்தைச் சென்னை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. 2021-இல் அது தனி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. ஆயினும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. நெரிசலைப் பொருட்படுத்தாமல் எழும்பூருக்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேர அதற்கு நிகராக மேற்கண்ட மூன்று பகுதிகளிலும் எதுவும் இல்லை. தென்மாவட்ட ரயில்கள் பலவும் இங்கே நிற்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், மாதம் ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. வாடகையும் கைக்கு அடக்கம். கடற்காற்று இங்கே தாமதமாக, களைத்துப்போய்த்தான் வந்து சேரும் என்பதால் கோடையில் மின்கட்டணம் ஏறும். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றின் மேல்பகுதி ஓடுகிறது. 2015-இல் அங்கே படகுகள் தேவைப்பட்டன. கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் ஏரியை ஒட்டிய தாழ்வான தெருக்களைத் தவிர்த்தால் பொதுவாக அச்சமில்லை. ஆனால் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகத் தினமும் சோழிங்கநல்லூர் போய்வருவது பொறுமையைச் சோதிக்கும்.

ஆகவே செலவு தாங்குமானால் திருவான்மியூரையும், தாங்காது என்றால் கிழக்குத் தாம்பரத்தையும் நான் முன்வைப்பேன். வேளச்சேரியைத் தெருவின் பெயர் தெரிந்த பிறகும், ஓஎம்ஆரை அலுவலகத்தின் முகவரி தெரிந்த பிறகும் பரிசீலிக்கலாம்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகக் குறித்தாலும், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளவும் இடம் தருகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய வழக்கத்தோடு பேரம் பேச இந்த வரம்பு உதவும். பள்ளித் திறப்பை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் வீடு பார்ப்பவர்களே மிகுதி; அப்போது எல்லாத் தெருவும் காய்ந்து கிடக்கும். சென்னையின் ஆண்டு மழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் பெய்கிறது என்பதால், சொந்தமாக வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் பதினோரு மாத ஒப்பந்தத்தில் அதே பகுதியில் வாடகைக்கு இருந்து, ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டுப் பத்திரப்பதிவைப் பற்றிப் பேசலாம்.