லிட்டில் இந்தியா டிவிடி கடையும் நான் வாங்கிய இரண்டு படங்களும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் இன்னமும் டிவிடி விற்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. போன வாரம் அங்கே 1953இல் வந்த தேவதாஸையும் 2008இல் வந்த வாரணம் ஆயிரத்தையும் வாங்கினேன், இரண்டும் சேர்த்து 10 வெள்ளி (ரிங்கிட்). கடைக்கார அண்ணன் இரண்டையும் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார், அதற்காகவே மறுபடியும் போவேன்.

ஒரே ராத்திரியில் இரண்டையும் பார்த்தது என் தம்பியை நினைத்துத்தான். அப்பா போனபிறகு இரண்டு வருஷம் சம்சுவில், அதாவது மலிவுச் சாராயத்தில், கிடந்தவன். "என்னடா, தேவதாஸ் மாதிரி தாடி?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நாகேஸ்வர ராவ் அந்தக் கண்களோடு கொஞ்சம் கொஞ்சமாக அழிவதைப் பார்க்க இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அங்கே குடிதான் காதலுக்குச் சாட்சி. பார்வதி வீட்டு வாசலில் அவன் உயிர் போகும்போது அவனுக்காக மட்டும்தான் அழுகிறோம், அவனைத் தூக்கிச் சுமந்தவர்கள் ஞாபகத்துக்கே வருவதில்லை.

வாரணம் ஆயிரம் அவர்களையும் காட்டுகிறது. காதலி மேக்னா இறந்தபிறகு போதையில் விழும் சூர்யாவை வீட்டிலேயே அடைத்து வைக்கிறார்கள், அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டிலும் அதேதான். அம்மா தலையணையை எடுத்து வந்து அவன் அறைக் கதவுக்கு வெளியே தரையில் படுத்துக்கொண்டார், உள்ளே தட்டுவான், நிறுத்துவான், "ம்மா, தண்ணி" என்பான், சாவி என் கையில். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று டாக்டர் சொன்னபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அப்புறம் படம் வேறு பக்கம் போய்விடுகிறது. காஷ்மீர், டெல்லியில் கடத்தப்பட்ட சிறுவனை மீட்பது, கட்டுமஸ்தான உடம்பு, ராணுவம். கௌதம் மேனன் தன் அப்பாவை நினைத்து எடுத்த படம், அப்பா வரும் இடமெல்லாம் உண்மையாக இருக்கிறது, ஆனால் மீண்டு வர ஒருவன் வீரனாக வேண்டுமா? தம்பி ஒருநாள் காலையில் எழுந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கழுவினான். மறுநாளும் கழுவினான்.

டிவிடி தரம் சரி. தேவதாஸில் நடுவே கோடு விழுகிறது, வாரணம் ஆயிரம் எங்கேயும் சிக்கவில்லை. தேவதாஸைப் பார்க்கமாட்டேன் என்றுவிட்டான் தம்பி. மற்றதைத் தன் அறைக்கு எடுத்துப்போயிருக்கிறான்.