மல்டிவைட்டமின் டப்பாவா, மத்தி மீனா? சைக்கிள் ஓட்டும் சென்னைக்காரர் எதற்குக் காசு கொடுக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசிஆர் பக்கம் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், டயரில் எவ்வளவு காற்று, முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்று எப்படி என்று பேசி முடித்த கையோடு மாத்திரைக்கு வந்துவிடுகிறார்கள். "அண்ணா, நீங்க மல்டிவைட்டமின் போடறீங்களா?" ஒருவர் தண்ணீர் பாட்டிலில் வைட்டமின் சி வில்லையைப் போட்டு நுரைக்க விடுகிறார். இன்னொருவர் வாரம் தவறாமல் டி3 சாஷே (வைட்டமின் டி பொடிப் பாக்கெட்) குடிக்கிறார். மூன்றாமவர், "கீரையும் மீனும் சாப்பிடறவனுக்கு எதுக்குப்பா மாத்திரை?" என்று முடித்துவிடுகிறார்.

போட்டிக்கெல்லாம் போகாமல், ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு 100, 150 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரை மனதில் வைத்து இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் கலந்த மாத்திரை பெரும்பாலோருக்குத் தண்டச் செலவு. வைட்டமின் சி வில்லையில் செலவோடு கொஞ்சம் கெடுதலும் உண்டு. முக்கால்வாசித் தேவையைச் சாப்பாடே பார்த்துக்கொள்ளும். மிச்சம் கால்வாசிக்கு இரத்தப் பரிசோதனை செய்து, எது குறைகிறதோ அதை மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் கால்வாசிக்குள் பெரும்பாலும் வருவது டி, பி12. பெண்களுக்கு இரும்புச் சத்தும்.

மல்டிவைட்டமினும் சாப்பாட்டுத் தட்டும்

அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 14,641 ஆண் மருத்துவர்களில் ஒரு பாதிக்குத் தினமும் மல்டிவைட்டமின், மறுபாதிக்குப் போலி மாத்திரை என்று 11 ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. புற்றுநோய் மட்டும் 8 சதவீதம் குறைந்திருந்தது. அதைச் சிறிய பலன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிறு காலை மகாபலிபுரம் போய்த் திரும்ப உடம்பில் தெம்பு வரும் என்று டப்பாவை வாங்குபவர் எதிர்பார்ப்பது இதை இல்லையே.

பி வைட்டமின்கள் தெம்பு தருவதில்லை. நாம் சாப்பிடுவதைத் தெம்பாக மாற்ற உதவுகின்றன. குறை இல்லாதவருக்கு மேலும் கொடுத்தால், மிச்சம் சில மணி நேரத்தில் சிறுநீரில் பளிச்சென்ற மஞ்சளாக வெளியேறிவிடும். அந்த மஞ்சள் பி2. சைக்கிள் ஓட்டுபவருக்குப் பி வைட்டமின் தேவை கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆனால் அவருக்குப் பசியும் கூடுகிறது, சாப்பாடும் கூடுகிறது. கூடுதலாகச் சாப்பிடுவது வெறும் பிஸ்கட்டாக இல்லாமல் சுண்டல், முட்டை, கடலை, கூழ் என்று இருந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

டப்பாவைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு வேண்டிய 1,000 மில்லிகிராம் கால்சியம் அந்தச் சின்ன மாத்திரைக்குள் அடங்காது, அதனால் பேருக்குக் கொஞ்சம் இருக்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பைச் சரியாக உறிஞ்சவிடாது. பி12 உண்மையிலேயே குறைந்திருப்பவருக்கு அதில் இருக்கும் ஓரிரண்டு மைக்ரோகிராம் போதாது. நமக்கு வேண்டியது கொஞ்சமாகவும் வேண்டாதது தாராளமாகவும் இருக்கும் கலவை இது.

தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். நெத்திலியை முள்ளோடு மென்றால் அதிலும் கால்சியம். மத்தி மீன் 100 கிராமில் ஒரு நாளைக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்குக்கு மேல் பி12, கூடவே கொஞ்சம் வைட்டமின் டி, நல்ல கொழுப்பு, புரதம். காசிமேட்டிலோ நொச்சிக்குப்பத்திலோ கால் கிலோ மத்தி வாங்கும் செலவைப் பாருங்கள், மாதாமாதம் டப்பாவுக்குக் கொடுப்பதையும் பாருங்கள். மீன் சாப்பிடும் வீட்டில் இந்தப் போட்டியில் மல்டிவைட்டமின் கிட்டவே வராது.

நுரைக்கும் வில்லையும் கொய்யாப்பழமும்

வைட்டமின் சி விஷயத்தில் விளையாட்டுக்காரர்கள் கையில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. பொதுமக்கள் தினம் சாப்பிட்டால் சளி பிடிப்பது குறைவதில்லை. ஆனால் மாரத்தான் ஓடுபவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடும் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் என்று 598 பேரை வைத்து நடந்த ஐந்து ஆய்வுகளில் சளி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதனால் 13.5 மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் பிஆர்எம் எனும் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குத் தயாராகும் வாரங்களில் ஒருவர் சி கொஞ்சம் அதிகம் எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கவலை அளவைப் பற்றியது. நுரைக்கும் வில்லை ஒன்றில் வழக்கமாக 1,000 மில்லிகிராம். நம் நாட்டுப் பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். 2009இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்றில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் இயும் கொடுத்தார்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் பலன் மாத்திரை சாப்பிடாதவர்களுக்குத்தான் கிடைத்தது. 2014இல் நார்வேயில் 54 பேரிடம் 11 வாரம் நடந்த ஆய்விலும், அதிக அளவு சியும் இயும் எடுத்தவர்களின் தசையில் பயிற்சியால் வர வேண்டிய மாற்றங்கள் மந்தமாக இருந்தன. ஆனால் ஆக்ஸிஜன் பயன்படுத்தும் திறனில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பயிற்சியில் உண்டாகும் சிறு அழுத்தம்தான் தசையைப் பழக்குகிறது. அதை மாத்திரை போட்டு அணைத்துவிட்டால் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்ததன் பலனில் ஒரு பங்கு போய்விடலாம்.

சிறுநீரகக் கல் இன்னொரு பக்கம். உடம்புக்குள் போகும் அதிகப்படி சியில் ஒரு பகுதி, கல் உண்டாகக் காரணமான ஆக்சலேட்டாக மாறும். சுவீடனில் ஆண்களிடம் நடந்த ஆய்வில், சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. மே மாதத்துச் சென்னையில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் பற்றாமல் ஓட்டுபவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுத்தரக் கொய்யா ஒன்றிலேயே இரண்டு நாள் தேவைக்கான சி இருக்கிறது. நெல்லிக்காயும் அப்படித்தான்.

இதோடு ஒன்று. வில்லை போட்ட தண்ணீரை எலக்ட்ரோலைட் (வியர்வையில் போன உப்புகளை ஈடுகட்டும் பானம்) என்று நினைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வியர்வையில் போவது முக்கியமாக உப்பு. அதற்கு உப்புப் போட்ட நீர்மோரோ ஓஆர்எஸ்ஸோ வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நல்ல பானம்தான், ஆனால் நீண்ட தூரத்துக்கு அது மட்டும் போதாது.

வைட்டமின் டி: வெயிலும் சாஷேவும்

"சென்னையில வெயிலுக்கா பஞ்சம்?" என்று கேட்காதவர் இல்லை. ஆனால் நாம் ஓட்டும் நேரத்தைப் பாருங்கள். ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்புகிறோம். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் யுவிபி கதிர், சூரியன் தாழ்வாக இருக்கும்போது தரைக்கு மிகக் குறைவாகவே வருகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகும்போதுதான் அது உருப்படியாகக் கிடைக்கும். இங்கே அது சுமாராகப் பத்து மணிக்கு மேல். அந்த நேரத்தில் நாம் ஏசி அறையில் இருக்கிறோம். போதாக்குறைக்கு முழுக்கைச் சட்டை, கைக்கு ஸ்லீவ், முகத்துக்கு சன்ஸ்கிரீன். கருத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வெயில் வேண்டும். வாரம் 150 கிலோமீட்டர் வெட்டவெளியில் ஓட்டுபவருக்கும் டி குறைவது இப்படித்தான்.

அதற்காகப் பதினோரு மணி வெயிலில் ஓட்டச் சொல்ல மாட்டேன், மயங்கி விழுவீர்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முன்கை, கெண்டைக்கால் தெரிய வாரத்தில் சில நாள் கால் மணி, இருபது நிமிடம் வெளியே நிற்பது ஓரளவு உதவும். சாப்பாட்டை நம்பி இதில் தப்பிக்க முடியாது. முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட், தினத் தேவை 600.

இங்கே மாத்திரைக்கு இடம் உண்டு, பரிசோதனை செய்த பிறகு. மருந்துக்கடையில் கிடைக்கும் சாஷே 60,000 யூனிட். அது 100 நாள் தேவை. குறை உறுதியானால் மருத்துவர் வாரம் ஒன்று என்று எட்டு வாரம் போலக் கொடுத்து, பிறகு குறைத்துவிடுவார். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிக் குடிப்பதுதான் ஆபத்து. டி கொழுப்பில் தேங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், கடைசியில் சிறுநீரகம் என்று போகும். குறை இல்லாதவருக்கு லாபமும் இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினம் 2,000 யூனிட் கொடுத்து ஐந்து ஆண்டுக்கு மேல் நடந்த ஆய்வில் புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022இல் தெரிந்தது.

எலும்பு என்றதும் கால்சியம் மாத்திரை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிளில் உடம்பின் பாரம் சீட்டில் இருக்கிறது. எலும்புக்கு அதிர்ச்சி கிடைப்பதில்லை. அதனால்தான் சாலைப் போட்டி வீரர்களின் முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. வாரம் இரண்டு நாள் எடை தூக்குவது, மாடிப்படி ஏறுவது, ஸ்கிப்பிங் ஆடுவது கேழ்வரகோடு சேர வேண்டும். மாத்திரை அந்த வேலையைச் செய்யாது.

பி12: சைவர்கள் கவனிக்க

எங்களோடு ஓட்டும் ஒரு நண்பர் சுத்த சைவம். பால்கூட காபியில் மட்டும்தான். பாதம் மரத்துப்போகிறது என்று ஷூவை மாற்றினார், கிளீட்டை (ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு) முன்னும் பின்னும் நகர்த்தினார், சீட் உயரத்தை மாற்றினார். ஒரு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு பாதமும் ஊசி குத்துவது போல இருக்கிறது என்றார். பரிசோதித்ததில் பி12 அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டார்கள். மரத்துப்போவது குறையப் பல மாதம் ஆனது.

ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிப்பதால் வரும் மரப்பு பெரும்பாலும் சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் இருக்கும், இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தெளியும். இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி தொடங்கி, சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் தொடர்ந்தால் அது சைக்கிள் செட்டிங் கோளாறு என்று தள்ளிப்போடாதீர்கள்.

பி12 செடிகொடியில் கிடையாது. முருங்கைக்கீரை எவ்வளவு சாப்பிட்டாலும் வராது. இட்லி மாவிலும் பழைய சோற்றிலும் இருக்கிறது என்பதை நம்பி இருக்க முடியாது. ஒரு டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தினம் இரண்டு மூன்று டம்ளர் பாலும் தயிரும் எடுக்கும் சைவருக்கு ஓரளவு சமாளிக்கும். பாலையும் விட்டவருக்கு மாத்திரை கட்டாயம், அங்கே விவாதமே இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், தினம் பான்டோபிரசோல் போன்ற 'கேஸ் மாத்திரை' போடுபவர்களுக்கும் பி12 உறிஞ்சுவது குறையும். மீன், முட்டை சாப்பிடும் மற்றவர்களுக்கு இந்த மாத்திரை தேவைப்படுவது அரிது.

கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று: மல்டிவைட்டமினில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் இரத்தசோகையை மட்டும் சரிசெய்து காட்டிவிடும், உள்ளே நரம்பு சேதம் தொடரும். நரம்புக்கென்று விற்கும் சில மாத்திரைகளில் இருக்கும் பி6ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அதனால் கடையில் கேட்டு வாங்கும் விஷயம் இது இல்லை.

இரும்பும் ஃபில்டர் காபியும்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. மேடு ஏறும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு வந்தால், பெண்கள் ஹீமோகுளோபினோடு, உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் இரும்பு மாத்திரை நன்றாக வேலை செய்யும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உறிஞ்சுவது கூடுகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். ஆண்கள் பரிசோதிக்காமல் இரும்பு போடவே கூடாது, உடம்பில் தேங்கும்.

ஓட்டி முடித்ததும் இட்லியோடு ஃபில்டர் காபி குடிப்பது நம் வழக்கம். காபியும் டீயும் சாப்பாட்டு இரும்பை உறிஞ்சவிடாது. காபியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்து, தட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் செலவில்லாமல் இரும்பு கூடும்.

பரிசோதனைக்கு டி, பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் போதும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் பி12 குறை மறைந்துவிடும். ஞாயிறு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திங்கள் காலை இரத்தம் கொடுக்காதீர்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு ஃபெரிட்டின் ஏறித் தெரியலாம். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடியும் ஏறி, கல்லீரலில் ஏதோ என்று வீட்டில் பயந்துபோவார்கள். இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு, புதன் அல்லது வியாழன் கொடுங்கள்.