பாங்கொக் பேக்கேஜில் "மிதக்கும் சந்தை, படகு உட்பட" என்று இருந்தால் காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

வரும் விடுமுறைக்குக் குடும்பத்தோடு பாங்கொக் போக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயண அட்டவணையில் "மிதக்கும் சந்தை, படகு உட்பட" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை நம்பிப் போன எங்களிடம் இலங்கைக் காசில் கிட்டத்தட்ட 55,000 ரூபாய் கறந்துவிட்டார்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களைத்தான் இலகுவாக மடக்குகிறார்கள்.

பேக்கேஜ் எடுத்தது வெள்ளவத்தையில் ஒரு பயண முகவரிடம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதனால் படகைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். எந்தப் படகு, எங்கே ஏறுவது, தனியாகக் காசு கட்ட வேண்டுமா என்றெல்லாம். "இல்லை அக்கா, படகு எல்லாம் இதுக்குள்ளயே வருது. நீங்க கையை வீசிக்கொண்டு போனால் சரி" என்றார். தந்த தாளிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

புறக்கோட்டை பஸ்டியன் மாவத்தையில் 2014 இல் திறந்த மிதக்கும் சந்தையை மனதில் வைத்துக்கொண்டு யாரும் இதை யோசிக்க வேண்டாம். அங்கே கடைகள் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன, நாங்கள் நடந்து போய் வாங்குகிறோம். தாய்லாந்தின் டம்னோன் சதுவாக்கில் விற்கிறவர்களே வள்ளத்துக்குள் இருப்பார்கள். பழம், நூடில்ஸ், அடுப்பு எல்லாம் அந்த வள்ளத்துக்குள்தான். அம்மா இதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து ஆசைப்பட்ட இடம்.

பாங்கொக்கிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர், ராட்சபுரி மாகாணம். இந்தச் சந்தையின் உயிரே காலை நேரம்தான், மத்தியானம் ஆக ஆக வள்ளங்கள் கலைந்துவிடும். எங்கள் வான் சாரதியோ முதலில் ஒரு தென்னஞ்சர்க்கரைக் கடையில் நிறுத்தி, நாங்கள் ஏதாவது வாங்கும்வரை அசையவில்லை. அப்புறம் பிரதான வீதியை விட்டு ஒரு ஒழுங்கைக்குள் திருப்பி, தனியார் இறங்குதுறை ஒன்றில் கொண்டுபோய் விட்டார். "இதுக்கு மேலே வாகனம் போகாது, சந்தைக்குப் படகில்தான் போகலாம்" என்றார்.

மேசையில் இருந்த பெண் பேசவே இல்லை. கல்குலேட்டரில் 2000 என்று அடித்துத் திருப்பிக் காட்டினார். தலைக்கு 2000 பாத். பேக்கேஜில் படகு இருக்கிறது என்று தாளைக் காட்டினோம். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, அழித்துவிட்டு 1500 என்று அடித்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட விலை அட்டை ஒன்று இருந்தது. நான் கையை நீட்டியதும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். முகவருக்கு அழைத்தால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது: "அக்கா, அது என்ஜின் படகு. நம்ம பேக்கேஜில் துடுப்புப் படகுதான் வரும்." துடுப்புப் படகு எங்கே என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. வெயிலில் அம்மா நிற்க முடியாமல் நிற்கிறார், சாரதி வானைப் பூட்டிவிட்டார். நாலு பேருக்கு 6000 பாத் கொடுத்தோம்.

நீளவால் என்ஜின் படகு அது. எதிரே இன்னொன்று வந்தால் அடிக்கிற தண்ணீர் நேரே மடியில் விழும், புகை மூக்கில் ஏறும். படகோட்டி தனக்குத் தோதான கடைகளின் முன்னால்தான் என்ஜினை நிறுத்தினார். கரையிலிருந்து ஒருவர் நீளத் தடியில் மாட்டிய கொக்கியால் படகின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொள்வார். ஏதாவது வாங்கும்வரை கொக்கியை எடுக்க மாட்டார். ஒரு வளைவில் மலைப்பாம்பைத் தூக்கிக்கொண்டு வந்து மகளின் கழுத்தில் போடப் பார்த்தார் ஒருவர், படம் எடுத்தால் காசு என்று. பிள்ளை அலறிவிட்டாள்.

சந்தையை அடைந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. பக்கத்திலேயே வாகனத் தரிப்பிடம், வரிசையாகச் சுற்றுலா வான்கள். வாகனம் வராது என்றது பச்சைப் பொய். வாய்க்காலின் இரண்டு கரையிலும் நடைபாதை, கடக்கப் பாலங்கள். உள்ளே போக நுழைவுக் கட்டணமே கிடையாது. 1860களில் நாலாம் ராமா மன்னர் காலத்தில் மே குளோங், தா சின் ஆறுகளை இணைக்க வெட்டிய 32 கிலோமீற்றர் பொது வாய்க்கால் இது. சந்தைக்குள் துடுப்பு வள்ளக்காரர்கள் எங்களிடம் கேட்டது தலைக்கு 200 பாத். ஆட்டம் இல்லை, புகை இல்லை, அம்மா ஏறியிருக்கக்கூடியது அதில்தான்.

சந்தைப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். பணியாரச் சட்டி மாதிரிக் குழி வைத்த சட்டியில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, அம்மாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்துப் படியில் இருத்தி, சூடாக இரண்டைக் காசு வாங்காமல் கொடுத்தார். நாங்கள் போனபோது பாதி வள்ளங்கள் போய்விட்டன, அவருடையது கடைசியில் இருந்தது.

ஆகவே முகவரிடம் இறங்குதுறையின் பெயரையும், படகு என்ஜினா துடுப்பா என்பதையும், யார் காசு கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "சந்தையின் வாகனத் தரிப்பிடத்தில் இறக்க வேண்டும்" என்று தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்தச் சந்தை என்பதையும் கேளுங்கள். அம்பாவா சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை, அதுவும் பின்னேரம்தான். செவ்வாய்க்கிழமை அம்பாவா என்று அட்டவணை போட்டுத் தந்தால் அந்த முகவருக்கு இடமே தெரியாது என்று அர்த்தம். வழியில் வேறு துறையில் நிறுத்தினால் வானை விட்டு இறங்காதீர்கள். தாய்லாந்துச் சுற்றுலாப் பொலிஸின் இலக்கம் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். கட்டியே ஆக வேண்டி வந்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். எங்களுக்கு அந்தத் துறையில் சீட்டே தரவில்லை, அதைப் பிடித்துக்கொண்டுதான் முகவர் காசைத் திருப்பித் தர மறுக்கிறார்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு, 1977 என்ற இலக்கத்தில் அழைத்து, முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். "படகு உட்பட" என்று அச்சடித்த தாளும் அந்தக் குரல் பதிவும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி மாட்டியவர்கள் உங்கள் தாள்களை எறிந்துவிடாமல் நீங்களும் முறைப்பாடு போடுங்கள்.