வரிப் பணத்தை ஃபைலிங் செய்பவரின் கணக்குக்கு அனுப்புகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்

மாதாமாதம் ஜி.எஸ்.டி. தொகையை, ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரின் சொந்தக் கணக்குக்கோ யு.பி.ஐ.க்கோ அனுப்புகிற சிறு தொழில்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எங்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர், நாங்கள் அனுப்பிய வரிப் பணத்தைக் கட்டாமல் விழுங்கிவிட்டார். போலீசில் புகார் கொடுத்திருப்பதால் அந்த ஆளின் பெயரை இங்கே போடவில்லை.

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்ன யூனிட். மாதம் பிறந்ததும் விற்பனை, கொள்முதல் பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். 20ஆம் தேதிக்கு முன்பு அவரிடமிருந்து போன் வரும்: "அண்ணே, இந்த மாசம் இவ்வளவு வருது. எனக்குப் போட்டு விட்டுடுங்க, நான் கட்டிடறேன்." பணம் போன கொஞ்ச நேரத்தில் சலான் பி.டி.எஃப். வந்துவிடும். எங்கள் ஜி.எஸ்.டி. எண், நிறுவனப் பெயர், தொகை எல்லாம் சரியாக இருக்கும்.

அந்தச் சலான் போலி இல்லை. கில்லாடித்தனமே அங்கேதான். ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் செய்யாமலே, எண்ணை மட்டும் கொடுத்து யார் வேண்டுமானாலும் யார் பேரிலும் சலான் உருவாக்கலாம். உருவாக்கியவுடன் சி.பி.ஐ.என். என்று 14 இலக்க எண் விழும். அந்தச் சலானுக்கு 15 நாள்தான் ஆயுள். கட்டாவிட்டால் தானாகக் காலாவதியாகிவிடும். பணம் உண்மையிலேயே அரசுக்குப் போனால்தான் சி.ஐ.என். என்ற 17 இலக்க எண் கிடைக்கும். அதே 14 இலக்கத்தோடு வங்கியின் குறியீடும் சேர்ந்து வருவது அது. எங்களுக்கு வந்த எல்லாச் சலானிலும் சி.பி.ஐ.என். மட்டும்தான் இருந்தது. முன்பதிவுப் படிவத்தைப் பூர்த்தி செய்து காட்டி, "இந்தாங்க டிக்கெட்" என்பது போல.

விஷயம் வெளியே வந்தது எங்களிடம் வாங்குபவர் மூலமாக. அவர்களுடைய அக்கவுண்டன்ட் கூப்பிட்டார். "சார், உங்க பில் எதுவும் எங்க டூ-பியில வரலை. ஜி.எஸ்.டி. தொகையை நிறுத்தி வெச்சுட்டு மீதியைப் போடச் சொல்லியிருக்காங்க." டூ-பி (2பி) என்பது, விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து வாங்கியவருக்குத் தளம் காட்டும் பட்டியல். ஆளைக் கேட்டால், "சர்வர் ஸ்லோண்ணே, ரெண்டு நாள்ல ஏறிடும்" என்றார். சர்வர் மீது பழி போட்டால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் நடந்தது வேறு. ஒரு மாதத்து 3பி (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்) போடாவிட்டால் அடுத்த மாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்ன்) போட முடியாமல் தளமே தடுத்துவிடும். 2022 ஜனவரியிலிருந்து இதுதான் விதி. நம் ஆர்-1 ஏறாவிட்டால் வாங்கியவரின் 2பியில் பில் வராது, அவருக்கு இன்புட் (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது. அவர் நம் பணத்தை நிறுத்தத்தான் செய்வார். தொடர்ந்து இரண்டு மாதம் 3பி நின்றால், சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில்லும் போட முடியாது. லோடு ஏற்றிய வண்டி வாசலில் நிற்க, டிரைவர் போன் மேல் போன் போட, திரையில் எங்கள் எண் பிளாக் செய்யப்பட்டிருப்பதாக வந்தது. அன்றைக்குத்தான் ரிட்டர்ன் போடும் அந்த ஆள் எங்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்.

சரி, நாமே லாகின் செய்து பார்ப்போம் என்றால், ஓ.டி.பி. அவர் மொபைலுக்குப் போகிறது. பதிவு செய்தபோதே தன் எண்ணையும் மெயிலையும் கொடுத்திருக்கிறார். துறை அனுப்பிய நோட்டீஸ்கள், பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்ட ஆர்.இ.ஜி-17 உட்பட, எல்லாமே அவருடைய மெயில் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த நோட்டீசுக்குப் பதில் சொல்ல 7 வேலை நாள்தான் அவகாசம். நம் எல்லைக்குட்பட்ட ஜி.எஸ்.டி. அலுவலகத்தில் அடையாளச் சான்றும் பதிவு ஆவணங்களும் கொடுத்தால் மொபைல், மெயிலை மாற்றித் தற்காலிக பாஸ்வேர்டு தருகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. நிலுவை ரிட்டர்ன்களை வரி, வட்டி, தாமதக் கட்டணத்தோடு போட்டு முடித்த பிறகு ரத்து நடவடிக்கையைக் கைவிட்டார்கள்.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை கொடுத்த வரியை மறுபடி கட்டியதும், அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கட்டியதும்தான் வயிற்றெரிச்சல். "ரிட்டர்ன் யார் போட்டாலும் பொறுப்பு பதிவு பெற்றவருக்குத்தான்" என்றார் அதிகாரி. சட்டப்படி அவர் சொன்னது சரிதான்.

அப்புறம் விசாரித்தபோது, அதே ஆளிடம் சிக்கிய இன்னொருவர் கிடைத்தார். அவர் கதை எங்களுடையதைவிட மோசம். ரிட்டர்ன் எல்லாம் தேதி தவறாமல் ஏறியிருக்கிறது. ஆனால் இல்லாத கொள்முதலுக்கு இன்புட் காட்டி, கட்ட வேண்டிய வரியைச் சுழியாக்கிவிட்டு, அவர் அனுப்பிய பணத்தை அந்த ஆள் அப்படியே விழுங்கியிருக்கிறார். ஆகவே "ஃபைல்டு" என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். 3பியில் எடுத்திருக்கும் இன்புட் தொகையை 2பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தளத்தில் உங்கள் பேரில் கட்டிய பணத்தைக் காட்டும் கேஷ் லெட்ஜரையும் திறந்து, நீங்கள் கொடுத்த பணம் அங்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் ஏறியதா என்று மட்டும் பார்க்க லாகின்கூட வேண்டாம்: தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் எண்ணைப் போட்டால், எந்த மாதம் எந்தத் தேதியில் ஏறியது என்ற அட்டவணை வரும்.

இப்போது எங்களுக்கு ரிட்டர்ன் போடுபவர்களே சலானை உருவாக்கினாலும், பணம் எங்கள் நெட்பேங்கிங்கிலிருந்துதான் போகிறது. ஓ.டி.பி. என் போனுக்கு வருகிறது. என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் அதைச் சொல்வதில்லை. இதற்கு முகம் சுளித்த ஒருவரை அப்போதே வேண்டாம் என்றுவிட்டோம்.

அந்த ஆள் அலுவலகப் பலகையில் ஆடிட்டர் என்று போட்டிருந்தார். ஐ.சி.ஏ.ஐ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களின் அமைப்பு) உறுப்பினர் தேடலில் அவர் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. தளத்தின் பிராக்டிஷனர் பட்டியலிலும் இல்லை. இருந்திருந்தால் அந்த வழியாகவும் ஒழுங்கு நடவடிக்கை கேட்டிருப்போம். மோசடி, நம்பிக்கை மோசடி என்று பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318, 316 பிரிவுகளைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினோம். வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல், சி.ஐ.என். இல்லாத சலான்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். புகார் போனதும் ஒரு செக் கொடுத்தார். அதுவும் பணமில்லாமல் திரும்பியது. வங்கி தெரிவித்த 30 நாளுக்குள், செக் திரும்பியதற்கான 138ஆவது பிரிவு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதால் வக்கீல் அனுப்பிவிட்டார். இதற்கிடையில் பலகையை மட்டும் மாற்றிவிட்டு, அவர் புது ஆட்களைப் பிடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.